ரேடாரை மோப்பம் பிடிக்கும் பெட்டி: காரில் வயர் இழுக்குமுன் கவனியுங்கள்!

அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் ஓடும் மோட்டார் கார்கள் சிலவற்றை உற்றுக் கவனித்தால், முன்கண்ணாடியின் மேற்புறத்தில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மைல் கணக்கில் அது வாய் திறவாமல் கிடக்கும். திடீரென்று 'பீப், பீப்' என்று கத்த ஆரம்பிக்கும். மறுகணம் டிரைவரின் வலது கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாகவே எழும்பும். வேகம் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு இறங்கும். அரை மைல் போனதும், பாலத்தின் மறைவில் பதுங்கி நிற்கும் போலீஸ் கார் ஒன்று தென்படும். டிரைவர் பரம சாதுவாக அதைக் கடந்து போவார்!

இந்தப் பெட்டிக்கு 'ரேடார் டிடெக்டர்' என்று பெயர். போலீசார் கார்களின் வேகத்தை அளப்பதற்காக வீசும் ரேடார் அலையை முன்கூட்டியே மோப்பம் பிடித்து எச்சரிப்பதுதான் இதன் வேலை. இது நியாயமான கருவிதானா என்ற கேள்வி நேயர்களுக்கு எழலாம். எழ வேண்டியதுதான். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். இந்தக் கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அந்தப் பெட்டிக்குக் காரிலிருந்து மின்சாரம் கொடுக்கிறார்களே, அந்த வயரைப் பற்றி. பெட்டி செய்யும் தவறுக்கு அபராதத்தோடு போய்விடும். வயர் செய்யும் தவறு வண்டியையே எரித்துவிடக்கூடும்.

காபி டப்பாவில் பிறந்த யுக்தி

போலீஸ் ரேடாரின் கதை யுத்த காலத்தில் ஆரம்பிக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் 'ஆட்டோமாடிக் சிக்னல்' என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஜான் பார்க்கர், பென் மிட்லாக் என்ற இருவர், ராணுவத்துக்காக ரேடார் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். காபி டப்பாக்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அவர்கள் தங்கள் முதல் கருவியை உருவாக்கினார்கள் என்று சொல்வதுண்டு. யுத்தம் முடிந்ததும் அந்த யுக்தி சாலைக்கு வந்தது. 1947-ல் கிளாஸ்டன்பரி என்ற ஊரில் கனெக்டிகட் போலீசார் அதைச் சோதித்துப் பார்த்தனர். முதலில் எச்சரிக்கை மட்டுமே. 1949 பிப்ரவரியிலிருந்து அபராதச் சீட்டும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தத்துவம் வெகு எளியது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது, நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்று கேட்கிறது. நம்மைக் கடந்து போனதும் அதே ஊதல் கட்டைக் குரலாக மாறிவிடுகிறது அல்லவா? ரேடார் அலைக்கும் அதே நியாயம்தான். போலீஸ் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் அலை காரில் பட்டுத் திரும்பும்போது, காரின் வேகத்துக்குத் தக்கபடி அதன் அதிர்வு சற்று மாறிவிடும். 'கே' என்ற வரிசையைச் சேர்ந்த ரேடார் விநாடிக்கு 2,415 கோடி தடவை அதிர்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பும்போது அந்த எண்ணிக்கையோடு சுமார் 4,300 கூடிவிடும். 2,415 கோடிக்கு முன் 4,300 எம்மாத்திரம்! அந்தச் சொற்ப வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார்.

முந்திக்கொள்வது எப்படி?

1974 ஜனவரியில், பெட்ரோல் தட்டுப்பாட்டை முன்னிட்டு, ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தால் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லை வந்தது. அகன்ற சாலை, பெரிய எஞ்சின், ஆனால் 55-க்கு மேல் போகக்கூடாது! அமெரிக்கர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த டேல் ஸ்மித் என்பவர் செய்த 'ஃபஸ்பஸ்டர்' என்ற பெட்டிக்கு யோகம் அடித்தது. 1978-ல் அதே மாநிலத்தின் சின்சினாட்டியிலிருந்து 'எஸ்கார்ட்' என்ற பெட்டி வந்தது. நல்ல ரேடியோப் பெட்டிகளில் உள்ள சூப்பர்ஹெடரோடைன் முறையைக் கையாண்டதால் இது முன்னதைவிட வெகு தூரத்திலேயே மோப்பம் பிடித்தது. 55 மைல் எல்லையை 1995-ல் ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் பெட்டி மட்டும் போகவில்லை.

போலீஸ்காரர் காரைப் பார்ப்பதற்கு முன்பே கார் போலீஸ்காரரை அறிந்துகொள்வது எப்படி? இங்கேதான் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பெட்டிக்கு வரும் அலை ஒருவழிப் பயணம் செய்கிறது. துப்பாக்கிக்குத் திரும்பும் அலையோ போய்விட்டு வர வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால், பெட்டிக்குக் கிடைக்கும் சக்தி நாலில் ஒரு பங்காகும். துப்பாக்கிக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் பெட்டி முந்திக்கொள்கிறது.

போலீசார் சும்மா இருப்பார்களா? கார் கிட்டே வரும்வரை துப்பாக்கியை அணைத்து வைத்து, சரியான சமயத்தில் விசையை அழுத்துகிறார்கள். அப்போது பெட்டி கத்தி என்ன பயன்? லேசர் துப்பாக்கி வந்தபின் நிலைமை இன்னும் மோசம். அதன் கதிர் கம்பியைப் போல் மெல்லியது. பெட்டி கத்தும்போது வேகத்தை அளந்து முடித்திருப்பார்கள். இதுவும் போதாதென்று, சூப்பர்ஹெடரோடைன் பெட்டியிலிருந்து கசியும் அலையை வைத்தே பெட்டியைக் கண்டுபிடிக்கும் வேறொரு கருவியும் போலீசாரிடம் வந்துவிட்டது. மோப்ப நாயை மோப்பம் பிடிக்கும் நாய்!

சட்டம் ஒரே மாதிரி இல்லை. சாதாரண மக்கள் தங்கள் சொந்தக் காரில் இதை வைத்துக்கொள்ள அமெரிக்காவின் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் தடையில்லை. வர்ஜீனியா மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகளுக்கு நாடு முழுவதுமே தடை. பக்கத்து நாடான கனடாவிலும் பெரும்பாலான மாகாணங்களில் கூடாது. நம்மைக் கேட்டால், வேக எல்லையை மதித்து ஓட்டுகிறவருக்கு இந்தப் பெட்டி எதற்கு என்றுதான் சொல்வோம். 'கவனமில்லாமல் வேகம் கூடிவிடும்போது நினைவூட்டுகிறது' என்று அதை வைத்திருப்பவர்கள் சொல்லும் சமாதானத்தில் பாதிதான் உண்மை என்பது அவர்களுக்கே தெரியும். இருக்கட்டும். சட்டம் அனுமதிக்கும் இடத்தில் ஒருவர் அதை வைத்துக்கொள்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

தொங்கும் வயர்

பெட்டி இயங்க 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். சாதாரணமாக, சிகரெட் பற்றவைப்பதற்கென்று டாஷ்போர்டில் உள்ள துளையில் ஒரு பிளக்கைச் செருகி மின்சாரம் எடுப்பார்கள். கடையில் வாங்கும்போதே இந்த வயரும் கூட வரும். எளிது, அபாயமும் குறைவு. ஆனால் வயர் கண்ணாடியிலிருந்து கியர்வரை கொடி மாதிரி தொங்கும். கை தட்டும். மேடு பள்ளத்தில் பிளக் நழுவி, பெட்டி அணைந்து அணைந்து எரியும். போன் சார்ஜ் செய்ய அந்தத் துளை கிடைக்காது.

சில வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பெட்டி கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-மணி. காரின் பாட்டரி 48 ஆம்பியர்-மணி கொள்ளும் என்றால், நாலே நாளில் பாதி காலி. பாதி காலியான பாட்டரியைக் கொண்டு, அதிலும் குளிர் தேசத்து இரவில், எஞ்சினைக் கிளப்புவது கஷ்டம். விமான நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வெளியூர் போய் வந்தவர் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் கேட்கும்!

இதற்கெல்லாம் பரிகாரமாகத்தான், வயரை வெளியே தெரியாமல் உள்ளே இழுத்து, காரின் சொந்த மின்சார இணைப்போடு நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். சாவியைத் திருப்பினால் பெட்டி விழிக்கும், எடுத்தால் தூங்கும். பார்வைக்கும் சுத்தம். அரை மணி வேலை. இந்த அரை மணியில்தான் எத்தனை விபரீதங்களுக்கு வித்திடலாம் என்பதைக் கேளுங்கள்.

பியூஸ் யாரைக் காக்கிறது?

'பெட்டி இழுப்பதோ கால் ஆம்பியர். இதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்பது கேள்வியே அல்ல. பின்னால் இருக்கும் பாட்டரி எவ்வளவு தள்ளும் என்பதே கேள்வி. எஞ்சினைக் கிளப்பும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடிய பூதம் அது. காரின் இரும்புச் சட்டம் முழுவதுமே பாட்டரியின் நெகடிவ் முனையோடு சேர்ந்தது. ஆகவே பாஸிடிவ் வயரின் மேலுறை எங்கேயாவது உராய்ந்து தேய்ந்து செம்பு தகரத்தில் பட்டால், அந்தப் பூதம் முழு பலத்தோடு அந்த வழியே பாய்ந்துவிடும்.

காரிலேயே பியூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சிகரெட் துளைக்கான பியூஸ் பல கார்களில் 15 அல்லது 20 ஆம்பியர். கார் கம்பெனிக்காரர் அதற்கு ஏற்ற தடிப்பான வயரைப் போட்டிருக்கிறார். நம் ஆசாமி என்ன செய்கிறார்? அந்தத் துளையின் பின்புறம் கையை விட்டு, அதன் வயரோடு தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய வயரை முறுக்கி, டேப்பைச் சுற்றிவிடுகிறார். பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. அவருக்கும் பரம திருப்தி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 0.64 மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கம்பி 3 மீட்டர் நீளம் இருந்தால் அதன் மின்தடை சுமார் 0.16 ஓம். ஏதோ ஓரிடத்தில் அரைகுறையாக ஷார்ட் ஆகி, அதில் 15 ஆம்பியர் ஓடுகிறது என்றால், வயரில் உண்டாகும் உஷ்ணம் 36 வாட். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஈயம் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைவிட அதிகமான உஷ்ணம், காற்றோட்டமில்லாத டாஷ்போர்டுக்குள், மற்ற வயர்களோடு கட்டிய கட்டுக்குள், விரிப்பின் அடியில் வெளிப்படுகிறது. 15 ஆம்பியர் பியூஸ் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அதற்கு 15 ஆம்பியர் குற்றமல்ல. 20 ஆம்பியர் ஓடினால்கூடச் சில நிமிஷம் தாக்குப்பிடித்துவிட்டுத்தான் உருகக்கூடும். அதற்குள் மெல்லிய வயரின் மேலுறை உருகிப் புகைய ஆரம்பித்துவிடும்.

ஆகவே பியூஸ் என்பது பெட்டியைக் காப்பதற்காக அல்ல, வயரைக் காப்பதற்காக. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே புரிந்துவிடும். மெல்லிய வயருக்கு அதற்கென்று தனி பியூஸ் வேண்டும். 1 ஆம்பியர் அல்லது 2 ஆம்பியர் போதும். அதை எங்கே வைப்பது? பெட்டியின் பக்கத்தில் வைத்தால் பிரயோஜனமில்லை. பியூஸுக்கு முன்னால் உள்ள வயர் முழுவதும் காவலில்லாமல் கிடக்கும். மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே, கிளை பிரியும் முனையிலேயே, சில அங்குலத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு வாசலில்தானே சுங்கச்சாவடி வைக்கிறார்கள்?

எங்கே மின்சாரம் எடுப்பது?

பெரும்பாலான கார்களில் டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் பியூஸ் பெட்டி இருக்கும். மூடியைத் திறந்தால் கலர் கலராகக் கத்தி மாதிரி பியூஸ்கள் வரிசையாகக் குத்தி நிற்கும். அந்தக் கலர்கள் அழகுக்காக அல்ல. சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சாம்பல் நிறம் 2. எந்த பியூஸ் எதற்கு என்பது மூடியிலோ காரோடு வந்த கையேட்டிலோ அச்சிட்டிருக்கும்.

இதிலிருந்து மின்சாரம் எடுக்க 'பியூஸ் டாப்' என்ற சிறிய உபகரணம் கிடைக்கிறது. காரின் ஒரு பியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். இதன் முதுகில் இரண்டு பியூஸ்களுக்கு இடம் உண்டு. ஒன்றில் பிடுங்கிய பழைய பியூஸையே திரும்பச் செருகலாம். மற்றொன்றில் நம் 2 ஆம்பியர் பியூஸ். அதிலிருந்து கிளம்பும் வயர் பெட்டிக்குப் போகும். காரின் வயர் எதையும் வெட்ட வேண்டியதில்லை, சுரண்ட வேண்டியதில்லை. வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம். பியூஸின் காலுக்கடியில் வெறும் கம்பியைச் சொருகி, மேலே அழுத்திவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கூடவே கூடாது. பொந்தின் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த பிடியில் உஷ்ணம் உண்டாகும்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பியூஸைப் பிடுங்கியபின் அந்த இடத்தில் இரண்டு பொந்துகள் தெரியும். சாவியைத் திருப்பி மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒன்றில் 12 வோல்ட் காட்டும், மற்றதில் காட்டாது. மின்சாரம் வந்து நிற்கும் பொந்துக்குள், பியூஸ் டாப்பின் இரண்டு பியூஸ்களுக்கும் பொதுவான கால் போக வேண்டும். அப்போதுதான் பழைய பியூஸ் பழைய வேலையையும், புதிய பியூஸ் புதிய வேலையையும் தனித்தனியே கவனிக்கும். திருப்பிச் செருகினாலும் பெட்டி வேலை செய்யும்! அதுதான் இதிலுள்ள மோசம். புதிய சுமையும் பழைய பியூஸ் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். செருகியவருக்குத் தெரியவே தெரியாது.

எந்த பியூஸைத் தேர்ந்தெடுப்பது? சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் பெறுவதாகவும், போனாலும் பாதகமில்லாததாகவும் இருக்க வேண்டும். ரேடியோ, இருக்கைச் சூடு, மேல்கூரைக் கண்ணாடி போன்றவை பொருத்தம். பிரேக், எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், முன்விளக்கு ஆகியவற்றின் பக்கமே போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஏர்பேக்! விபத்தில் உப்பி உயிரைக் காக்கும் அந்தப் பைகளின் வயர் இணைப்புகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம் கொடுத்திருப்பார்கள். மஞ்சளைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை அந்த வயரில் குத்திப் பார்த்தால், பல்பு இழுக்கும் மின்சாரமே பையை வெடிக்கச் செய்யப் போதுமானதாகிவிடக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்துக்குத் தக்கபடி தானே மங்கும் கண்ணாடி பல கார்களில் இருக்கிறது. அதற்கு ஏற்கனவே கூரை வழியாக மின்சாரம் வந்திருக்கும். அந்த இணைப்பிலிருந்து ஒரு சாண் வயரில் பெட்டிக்கு மின்சாரம் எடுத்துவிடலாம். இதற்கென்று தயார் வயர்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் புதிய கார்களில் அந்த வயர்களில் எல்லாமே மின்சார வயர்கள் அல்ல. சில, கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் செய்தி வயர்கள். செய்தி வயரைக் கிள்ளி மின்சாரம் எடுக்கப் பார்த்தால், டாஷ்போர்டில் தீபாவளி மாதிரி எல்லா விளக்கும் எரியும். மீட்டரும், அந்தக் கார் மாடலின் வயர் படமும் இல்லாமல் இதில் இறங்காமலிருப்பது உத்தமம்.

தூணுக்குள் ஒளிந்திருக்கும் பை

பியூஸ் பெட்டியிலிருந்து கண்ணாடியின் மேற்புறத்துக்கு வயர் போக வேண்டுமென்றால், முன்கண்ணாடியின் ஓரத் தூண் வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தூணின் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அதற்கு மேலே கூரை ஓரத்திலும், பல கார்களில் ஒரு ஏர்பேக் சுருண்டு கிடக்கிறது. பக்கவாட்டில் மோதினால், அது கண் இமைப்பதற்குள் திரையாக விரிந்து தலையைக் காக்கும். வயரை அந்தப் பையின் முன்னால் குறுக்கே இழுத்துவிட்டால் என்ன ஆகும்? பை விரியும் வழியில் தடையாகும். அல்லது வயரும் கொக்கியும் பையோடு சேர்ந்து முகத்தை நோக்கிப் பாயும். பத்து வருஷம் ஒன்றும் ஆகாமல் இருக்கும். பதினோராவது வருஷம் ஒரே ஒரு விநாடி வரும். அந்த விநாடிக்காகத்தான் அந்தப் பையே இருக்கிறது!

ஆகவே, உறையைக் கழற்றி, கம்பெனியார் தூணுக்குள் ஏற்கனவே இழுத்திருக்கும் வயர்க் கட்டோடு, பைக்குப் பின்பக்கமாகவே நம் வயரையும் கொண்டுபோய், பிளாஸ்டிக் நாடாவால் கட்டிவிட வேண்டும். உறையின் கிளிப் உடைந்தால் பழையதையே அழுத்திவிடாமல் புதிதாகப் போட வேண்டும். சில கார்களில் அந்த கிளிப்புகளே பை விரியும்போது உறை பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக அமைந்தவை. கீழே, பிரேக் மிதியின் பக்கமும் ஸ்டியரிங் கம்பத்தின் பக்கமும் வயரின் நிழல்கூடப் படக்கூடாது. மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டாமல் விட்டால், ஒரு நாள் அது நழுவி விழுந்து காலில் சிக்கும். பிரேக் போட வேண்டிய நேரத்தில் கால் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

வேலையை ஆரம்பிக்குமுன் பாட்டரியைக் கழற்றுவது நலம். முதலில் நெகடிவ் முனை. இது ஏதோ சம்பிரதாயம் அல்ல. பாஸிடிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால், பாட்டரியின் முழு சக்தியும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும், பொறி பறக்கும், ஸ்பானர் அங்கேயே பற்றிக்கொள்ளும். நெகடிவை முதலில் எடுத்துவிட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும். கையிலுள்ள மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பாட்டரியை எடுத்த பிறகும் ஏர்பேக் கருவிக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் சேர்ந்திருக்கும். கையேட்டில் சொல்லியிருக்கும் நிமிஷங்கள் வரை காத்திருந்துவிட்டுத்தான் தூணைத் தொட வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கும் வேலை வரும்போது மட்டும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

கறுப்பு வயர், அதாவது நெகடிவ், பெயின்ட் இல்லாத இரும்பில் இறுக்கிய போல்ட்டில் சேர வேண்டும். பெயின்ட்மேல் வைத்து முறுக்கினால் இன்று வேலை செய்யும். மழைக்காலத்தில் மக்கர் செய்யும். ஏர்பேக் கருவியை இறுக்கியிருக்கும் போல்ட்டை இதற்காகத் தளர்த்தக் கூடாது.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றிலும் சிறிய கருவிகளுக்காக 12 வோல்ட் ஏற்பாடு தனியே உண்டு. மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் ஆரஞ்சு நிறத்தில் தடிப்பாக ஓடும் கேபிளில் இருப்பது பல நூறு வோல்ட். அதைப் பார்க்கலாம், தொடக்கூடாது.

நம் ஊரிலும் இதே கதைதான்

'அமெரிக்காக்காரன் காரில் என்ன பெட்டி வைத்தால் எனக்கென்ன?' என்று நேயர்கள் கேட்கலாம். பெட்டி வேறாக இருக்கலாம், வயர் ஒன்றுதான். சாலையில் நடப்பதைப் படம் பிடிக்கும் டாஷ்காமை நம் ஊரிலும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு போன்ற இடங்களில் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி, காமிரா, கலர் விளக்கு, பெரிய ஹாரன் எல்லாம் பொருத்திக்கொண்டு போகலாம். கைதேர்ந்த எலக்ட்ரீஷியன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவசரத்தில் வயரைக் கடித்து முறுக்கி டேப் சுற்றுகிறவர்களும் இல்லாமல் இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று, 'பியூஸ் எங்கே போட்டீர்கள்? எத்தனை ஆம்பியர்? வயர் தூணில் பைக்கு முன்னாலா, பின்னாலா?' என்று மூன்று கேள்வி கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போவதே மேல்.

வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் டாஷ்காமுக்கு மூன்று வயர் தேவைப்படும். ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு, ஒன்று சாவியோடு வருவதற்கு, ஒன்று நெகடிவுக்கு. இதில் பாட்டரியின் வோல்டேஜ் குறைந்ததும் தானே துண்டித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால், இரவெல்லாம் காவல் காத்த காமிரா காலையில் காரைக் கிளம்பவிடாது.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சாவியை எடுத்து, கதவை மூடி, அரை மணி நேரம் காரைத் தூங்கவிட வேண்டும். புதிய கார்களின் கம்ப்யூட்டர்கள் கண் மூட அவ்வளவு நேரமாகலாம். பிறகு பாட்டரியின் நெகடிவ் முனையில் ஆம்பியர் மீட்டரை இடையில் சேர்த்துப் பார்த்தால், சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் காட்ட வேண்டும். 300 காட்டினால், எங்கேயோ ஒன்று விழித்துக்கொண்டிருக்கிறது. புதிதாகப் போட்ட சிறு பியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். முள் இறங்கினால் நம் வயர்தான் ஆள்.

ரேடார் பெட்டிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு சங்கதி. நிரந்தரமாக வயர் இழுத்துவிட்ட பிறகு, எல்லை தாண்டி வர்ஜீனியாவுக்குள் போக நேர்ந்தால் என்ன செய்வது? பெட்டியின் சுவிட்சை அணைத்து வைத்தால் மட்டும் அந்த மாநிலச் சட்டத்துக்குப் போதாது. பெட்டிக்கு மின்சார இணைப்பே இருக்கக்கூடாது. டிரைவரோ பயணிகளோ சுலபமாக எடுத்து உபயோகிக்கும் இடத்திலும் அது இருக்கக்கூடாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வயரின் மேல்முனையில், கையால் பிடுங்கக்கூடிய பிளக் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எல்லை வருமுன் காரை ஓரங்கட்டி, வயரைப் பிடுங்கி, பெட்டியைப் பின்பக்க டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள்.